எண்ணெய்க் குண்டு

எங்கள் வீட்டில் கிழிந்த வேட்டி எதுவும் கரித்துணியாகப் போகாது. அக்கா அதைத் துவைத்து, வென்னீரில் கொதிக்க வைத்து, நிழலில் காயப் போட்டு, கால் வெற்றிலை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அது எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒன்றை எடுத்து விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

“ஏம்மே, அது துப்பாக்கித் துணி. வெளக்குக்கு வேற கீது” என்றாள்.

நான் பயந்து போனேன். துப்பாக்கிக்கு என்று துணி வைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரிப் பாசனம், நெல்லும் மணிலாக் கொட்டையும். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிட்டோம். துப்பாக்கி அண்ணனுடையது. அவர் எனக்கு மூத்தார். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தார் முகம் பார்த்துப் பேசமாட்டாள். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான்.

அது பெரிய துப்பாக்கி இல்லை. முயல், காடை, ஏரிக்கு வரும் உள்ளான் குருவி, இதுகளுக்கு உண்டானது. குண்டு குன்றிமணி அளவுதான் இருக்கும். மூத்தார் பட்டணம் போய் லைசென்ஸோடு வாங்கி வந்தார். தோட்டாவைப் பழைய சரக்காகப் பார்த்து விலை குறைத்து வாங்கினார். அந்தத் தோட்டாவின் மருந்தில் உப்பு உண்டு, சுட்ட அன்றைக்கே வென்னீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். மூத்தார் அதைக் காஞ்சிபுரம் வருவதற்குள் மறந்துவிட்டார். முதல் மழைக்காலத்திலேயே குழாய்க்குள் செம்மண் பூத்த மாதிரி துரு.

அன்றைக்கு அக்கா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். பிறகு வேறு யாரும் அதைக் கழுவியதில்லை.

“ஊறுகா ஜாடி மேல இரும்புக் கரண்டி வெச்சா இன்னா ஆவும்? அதேதான் இதுவும். இதுக்குப் போயி பட்டணத்துக்காரன் வந்து சொல்லணுமா?” என்பாள்.

அவள் கழுவுவதைப் பார்க்க வேண்டும். முதலில் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, துப்பாக்கியின் பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தோட்டா இல்லை என்று பார்ப்பாள். நேற்றுப் பார்த்திருந்தாலும் பார்ப்பாள். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டு, குழாயின் வாயைக் கீழே ஒரு தாம்பாளத்தில் வைத்து, பின்பக்கத்தில் சின்னப் புனலைச் சொருகிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவாள். அரிசி களைந்த தண்ணீரில் சாம்பலைக் கரைத்த மாதிரி அது வெளியே வரும். கருகின முடியும் மிளகாயும் கலந்தாற்போல் ஒரு நெடி. குழாய் கை வைக்க முடியாத சூடாகிவிடும். அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும் என்பாள். பிறகு பித்தளைக் கம்பியின் நுனியில் துணிச் சதுரத்தைச் செருகி, பின்பக்கமிருந்து வாய்ப்பக்கம் தள்ளுவாள். எப்போதும் பின்பக்கமிருந்துதான். முதல் துணி கறுப்பு. அடுத்தது பழுப்பு. அப்புறம் வெள்ளை. வெள்ளை வந்தும் இன்னொன்று தள்ளுவாள். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணி ஒன்று. பிறகு குழாயை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். எனக்கும் காட்டுவாள். சங்குக்குள் பார்ப்பது போல உள்ளே மரை சுற்றிச் சுற்றிப் போகும்.

“சுட்டவரு கைய கழுவிக்கினு சோத்துக்கு ஒக்காந்துட்டாரு. கொழா இன்னா பாவம் பண்ணிச்சி?” என்பாள். மூத்தார் காதில் விழும்படிதான் சொல்வாள்.

சுட்ட குழாய் ராத்தங்கக் கூடாது. இது அவள் வேதம். அடுப்புக் கரி ராத்தங்கக் கூடாது. எச்சில் தட்டு ராத்தங்கக் கூடாது. சண்டையும் ராத்தங்கக் கூடாது.

சண்டை என்றால் அவள் வாய் சாதாரண வாய் இல்லை. பக்கத்து நிலத்துக்காரி ஒருத்தி ராவோடு ராவாக மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று ஒரு நாள் பகல் முழுக்க வரப்பில் நின்று கத்தினாள். அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கிண்ணம் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அந்த அம்மாள் கிண்ணத்தை வாங்கவில்லை. “இன்னா, வெசம் கிசம் வெச்சி எடுத்தாந்துட்டியா?”

“உனுக்கு வெசம் ஒரு கேடா? உன் வாயே போதும். துன்னு. நாளைக்கி மடைய நேரா வுடு.”

அவள் சிரித்துவிட்டாள். கொழுக்கட்டையைத் தின்றாள். மடையை நேராக விட்டாளா என்பது வேறு விஷயம்.

என்னிடமும் அப்படித்தான். காலையில் குழம்பு அடிப் பிடித்ததற்குத் திட்டியிருப்பாள். நான் பதில் பேசத் தெரியாதவள், கிணற்றடியில் போய் அழுதுவிட்டு வருவேன். பொழுது சாய்ந்ததும் சீப்போடு வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வாள். “இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறியா? திரும்பு, சிக்கெடுத்து வுடறேன்.” தலை பின்னி முடியும்போது மனசில் ஒன்றும் இருக்காது.

மூத்தாருக்குத் துப்பாக்கி சுடுவதைவிடக் காட்டுவதில்தான் ஆசை அதிகம். வீட்டுக்கு யார் வந்தாலும், வாலாஜாபாத் அரிசி மில்லில் இருந்து நெல் பார்க்க வந்த ஆளானாலும் சரி, பெண் பார்க்க வந்த சம்பந்தியானாலும் சரி, காப்பி ஆனதும் துப்பாக்கியை எடுத்து வருவார். “ஒரு வெள்ளத் துணி குடு” என்று உள்ளே குரல் கொடுப்பார். அக்கா டப்பாவிலிருந்து ஒன்று தருவாள். அவர் அதைக் கம்பியில் செருகி உள்ளே தள்ளி அந்தப் பக்கம் எடுத்து, வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். மல்லிகைப் பூ மாதிரி இருக்கும். கொஞ்சம் எண்ணெய் மினுமினுப்பு, அவ்வளவுதான்.

“கண்ணாடி! பத்து நாளைக்கு மின்ன சுட்டதா, பத்து நிமிசத்துக்கு மின்ன சுட்டதா, எவனாலயும் சொல்ல முடியாது” என்பார். அது அக்காவைப் புகழ்வதுதான். நேரே புகழ அவருக்கு வராது.

அவருக்கு இன்னொரு பழக்கம். எண்ணெய் போட்ட குழாயில் முதல் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாதாம், கொஞ்சம் விலகும். அதனால் ஏரிக்கரைக்குப் போனதும் கரைமேல் இருந்த மொட்டைப் பனையைப் பார்த்து ஒரு குண்டை விட்டுவிடுவார். குறி கிறி ஒன்றும் கிடையாது. எண்ணெய் எரிந்து போகத்தான். “மொத குண்டு எண்ணெய்க்கு, ரெண்டாவது குண்டுதான் எனக்கு” என்பார். அதற்கு எங்கள் வீட்டில் எண்ணெய்க் குண்டு என்றே பெயர். சாயங்காலம் ஏரிப் பக்கம் ஒரு வெடி கேட்டால் அக்கா தலை நிமிராமல் சொல்வாள், “எண்ணெய் போச்சு. இனிமே உலை வெக்கலாம்.”

சீனச் சண்டைக்கு முந்தின ஐப்பசி. எங்கள் ஊருக்குக் கரண்ட் வராத காலம். ஏரி நிரம்பிக் கிடந்தது. உள்ளான் கூட்டமாக இறங்கியிருந்தது. ஏரியின் அந்தக் கோடியில் குருவிக்காரர்கள் இரண்டு மூன்று குடும்பம் வந்து தங்கியிருந்தார்கள். மணி, ஊசி விற்பார்கள். கரி மருந்து திணித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொண்டு கொக்கு அடிப்பார்கள்.

அன்று சாயங்காலம் ஏரிப் பக்கம் ஒரு வெடி கேட்டது. நான் வழக்கம்போல் கழுவுவதற்கு வென்னீர் வைத்தேன். இரண்டாவது வெடி கேட்கவில்லை. தண்ணீர் சுடுவதற்குள் மூத்தார் வந்துவிட்டார். கையில் பறவை இல்லை. துப்பாக்கியை எப்போதும் ஆணியில்தான் மாட்டுவார். அன்று நேராகச் சமையல்கட்டு வாசலுக்கு வந்து அக்கா கையில் கொடுத்தார்.

“சீக்கிரம் கழுவு” என்றார்.

அக்கா வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

“இத்தினி வருசத்துல கழுவுன்னு இவரு சொன்னதே இல்லியேம்மே” என்று என்னிடம் சொன்னாள். 

அவள் துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தாழ்ப்பாளை இழுத்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டாள். அதற்குள் வாசலில் அழுகுரல். சின்னப்பனின் மனைவி.

சின்னப்பன் எங்கள் நிலத்தில்தான் வேலை செய்தான். அன்று ஏரித் தண்ணீர் வழியும் கலங்கலைப் பார்க்கப் போனவன், மொட்டைப் பனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரை ஏறியிருக்கிறான். தலையும் தோளும் மேலே வந்த நேரத்தில் ஒரு குண்டு வலது கையின் மேல்சதையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. “ஆண்டே, எங்க வூட்டு ஆளை யாரோ சுட்டுட்டாங்க ஆண்டே! கை வுழுந்துட்டா நாங்க இன்னா பண்ணுவோம்!” என்று மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மூத்தார் முன்கட்டிலிருந்து பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. “குருவிக்காரனுங்க தங்கிக்கினு கீறானுங்க இல்ல? அவனுங்க வேலதான். இன்னிக்கி நான் துப்பாக்கியே எடுக்கல. காலையில ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பறேன். அவனப் புடிச்சி உள்ள வெச்சாத்தான் புத்தி வரும்.”

என் வீட்டுக்காரர் மஞ்சளும் துணியும் எடுத்துக்கொண்டு சின்னப்பன் வீட்டுக்கு ஓடினார். சமையல்கட்டில் நாங்கள் இரண்டு பேர். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அக்கா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, வென்னி கொதிக்குது” என்றேன்.

“எடுத்துக்கினு போயி குளி.”

“துப்பாக்கிக்கு வெச்சது அக்கா.”

“தெரியும். நீ போயி குளி.”

நான் அண்டாவை இறக்கினேன். அவள் தாழ்ப்பாளைச் சரியாக மூடினாள். ஒரு துணியில் எண்ணெய் தொட்டுக் கட்டையையும் குழாயின் வெளிப்புறத்தையும் துடைத்தாள். பளபளவென்று துடைத்தாள். பிறகு எழுந்து போய் ஆணியில் மாட்டினாள். உள்ளே ஒரு துணிகூடப் போகவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

காலையில் உத்திரமேரூரிலிருந்து ஏட்டு சைக்கிளில் வந்தார். மணியக்காரரும் வந்தார். வேப்பமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. குருவிக்காரனைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவன் துப்பாக்கி. மனைவி கைக்குழந்தையோடு தள்ளி நின்றாள். சின்னப்பன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஓரமாக நின்றான். எங்கிருந்து வெடி வந்தது என்று ஏட்டு கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு, “இருட்டு கட்டிக்கினு வந்துது, தெரிலீங்க” என்றான். மொட்டைப் பனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்கா தெரியாது?

ஏட்டு நாட்டுத் துப்பாக்கியின் வாயை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “அழுகின முட்ட கணக்கா நாறுதுடா. நேத்து சுட்டியா இல்லியா?”

“கொக்கு சுட்டேன் சாமி. காலையில சுட்டேன். மனுசன சுடலே சாமி.”

“கொக்கு சட்ட போட்டுக்கினு இருந்துதாடா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

ஏட்டு எழுந்தார். அவனையும் எழச் சொன்னார். அப்போதுதான் மூத்தார் அதைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னார்.

“நம்ம துப்பாக்கியையும் பாத்துடுங்க ஏட்டையா. நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.” உள்ளே போய் எடுத்து வந்தார். வெளியே மினுமினுத்தது. “ஒரு வெள்ளத் துணி குடு” என்று குரல் கொடுத்தார்.

அக்கா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். நான் கதவோரம் நின்றேன்.   அவள் வாசற்படியைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கம்பியில் செருகித் தள்ளினார். எடுத்தார். பழக்க தோஷம், தான் பார்க்காமலே ஏட்டின் மூக்குக்கு நேரே நீட்டினார். “கண்ணாடி” என்றார்.

துணி அடுப்புக் கரி மாதிரி இருந்தது.

ஏட்டு துணியைப் பார்த்தார், மூத்தாரைப் பார்த்தார். மூத்தார் துணியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத முடியாது.

“நேத்து கழுவலீங்க” என்றாள் அக்கா, ஏட்டிடம். உள்ளே வந்துவிட்டாள்.

 வாசலிலிருந்து மூத்தாரின் குரல் மெதுவாக, “எண்ணெய்க் குண்டு ஒண்ணு... பனையப் பாத்து வுட்டது...” என்று கேட்டது. சின்னப்பன் உடனே, “பாக்காம பட்டதுதான் ஆண்டே, பாக்காம பட்டதுதான்” என்றான். சுட்டவரை அவன்தான் சமாதானம் செய்தான்.

கோர்ட்டு வரை போகவில்லை. ஏட்டும் மணியக்காரரும் பேசி முடித்தார்கள். குருவிக்காரனை விட்டுவிட்டார்கள். சின்னப்பனை எங்கள் வண்டியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கை பிழைத்தது. அந்த வருஷம் நடவுக்கு அவனால் வர முடியாவிட்டாலும் அவன் வீட்டுக்குக் கூலி நெல் போனது. அக்காவே மரக்காலில் அளந்து அனுப்பினாள்.

ஆனால் அந்தப் பேச்சு முடியும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று ஏட்டு எடுத்துப் போய்விட்டார். அதுதான் அக்காவுக்கு ஆகவில்லை. வெளியே அடைமழை. அவள் நிலை கொள்ளாமல் நடந்தாள். “சுட்ட கொழா அப்பிடியே கீது. இந்த ஈரத்துல இன்னாத்துக்கு ஆவும்?” என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சின்ன எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். “ஒரு சொட்டாவது வுடச் சொல்லு தம்பி.” அவர் போனார். சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்று ஏட்டு திருப்பி அனுப்பிவிட்டாராம். “உங்க அண்ணிக்கு இன்னா பைத்தியமா? புருசன காட்டிக் குடுத்தாங்க, இப்ப துப்பாக்கிக்கு அழுவறாங்களா?” என்று கேட்டாராம்.

மழை விட்டபிறகு துப்பாக்கி வந்தது. அக்கா அன்றே கழுவினாள். துணிமேல் துணியாகப் போய்க்கொண்டே இருந்தது. சிவப்பாகவே வந்தது. கடைசியில் வெள்ளை வந்தது. ஆனால் குழாயின் நடுவில் ஓரிடத்தில் கம்பி லேசாகத் தட்டியது. துரு தின்ற குழி.

மூத்தார் அவளோடு பேசவில்லை. சண்டையை ராத்தங்க விடாதவள் ஒவ்வொரு சாயங்காலமும் போய்ப் பார்த்தாள். தாம்பூலத் தட்டை வைத்தாள். கால் பிடிக்கட்டுமா என்று கேட்டாள். “இன்னாங்க, என்னத் திட்டவாவது திட்டுங்க” என்றுகூடச் சொன்னாள். அவர் வாய் திறக்கவில்லை. ஐப்பசி போய்ப் பொங்கலும் போனது. விருந்தாளிகள் வந்தார்கள். துப்பாக்கி ஆணியிலேயே இருந்தது.

மாசியில் ஒரு நாள் மணிலாக் கொல்லையில் முயல் மேய்கிறது என்று ஆள் வந்து சொன்னான். மூத்தார் துப்பாக்கியை எடுத்தார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பிச் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

“எண்ணெயத் தொடச்சிக் குடு” என்றார்.

அக்கா ஒரு காய்ந்த துணியை எடுத்து ஒரு தரம் தள்ளி எடுத்தாள். அவ்வளவுதான். எண்ணெய் முழுக்கத் துணியில் வந்துவிட்டது. அவர் வாங்கிக்கொண்டு போனார். அன்று கொல்லைப் பக்கம் ஒரே ஒரு வெடி கேட்டது. முயலோடு வந்தார்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களே என்று. அக்கா மட்டும் அந்த எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு துணிம்மே. ஒரே ஒரு காஞ்ச துணி. இத்தினி வருசமா எனக்குத் தோணலியே” என்றாள்.

அதன் பிறகும் மூத்தார் வெகு காலம் இருந்தார். நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். வெள்ளைத் துணி கேட்டு மட்டும் அவர் குரல் கொடுத்ததே இல்லை.

அவர் காலமான பிறகு வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் இல்லாததால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் அக்கா அதை இறக்கினாள். கண் பார்வை குறைந்துவிட்டது அவளுக்கு. நான் புனலைப் பிடித்துக்கொண்டேன். வென்னீர், துணி, துணி, துணி. கம்பியை என் கையில் கொடுத்தாள். வழுவழுவென்று போன துணி பாதியில் லேசாகத் தட்டியது.

“தட்டுது இல்ல?”

“ஆமாக்கா.”

“அது கெடக்கட்டும்” என்றாள்.

கடைசியாக எண்ணெய்த் துணியைத் தள்ளினாள். துப்பாக்கியை ஆணியில் மாட்டப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்து, டப்பாவில் மிச்சமிருந்த காய்ந்த துணி ஒன்றைச் செருகி, போட்ட எண்ணெயை எல்லாம் இழுத்து எடுத்தாள்.

“அக்கா, எண்ணெ இல்லன்னா துரு புடிச்சிடுமே.”

“புடிச்சாப் புடிக்கட்டும்” என்றாள். “இத எவன் எடுத்துக்கினு போவப் போறானோ. அவன் எண்ணெய்க் குண்டு வுட வாணாம்.”